நாடற்றவர் கதை சொன்ன சி.வி. வேலுப்பிள்ளை

பழனிமலைத் தொடரின் மேல்தளத்தில், கொடைக்கானலுக்கு அருகே அமைந்த சிற்றூர் வட்டக்கானல். கானல் என்னும் சொல் இங்குக் காட்டைக் குறிக்கும். சோலைக்காடுகளும் புல்வெளிகளும் நிறைந்திருந்த இம்மலைகளில், தோல் பதனிடுவதற்கு வேண்டிய பட்டைக்காக வாட்டில் மரங்களும் ஆலைக்கூழுக்காகத் தைலமரங்களும் பெருமளவில் நடப்பட்டன. மரம் வெட்டக் குத்தகைக்கு விடப்படும் காட்டுப்பகுதியைக் கூப்பு என்பர். 1970களில் பழனிமலைக் கூப்புகளில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் வந்தவர்களுள், இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட தமிழர் பலர் இருந்தனர். அரசு ஆவணங்கள் அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்றன. அவர்களுள் பெரும்பாலோர் கடலுக்கு அப்பாலிருந்த மலையில் பிறந்தவர்கள். தாயகத்தை அன்றுதான் முதன்முறையாகக் கண்டவர்கள். சமவெளியில் பிழைக்க வழி தெரியாமல், பழகிய குளிரையும் மூடுபனியையும் தேடி மலையேறியவர்கள்.

இவர்கள் எவ்வாறு நாடற்றவர் ஆயினர்? எந்நாட்டில் பிறந்து, எந்நாட்டுக்கு உழைத்து, எந்நாட்டினர் என்று எழுதப்பட்டனர்? இவ்வினாக்களைக் கவிதையாலும் கதையாலும் நாட்டார் பாடல் தொகுப்பாலும் வாழ்நாள் முழுவதும் எழுப்பியவர், இலங்கை மலையகத்தின் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான சி.வி. வேலுப்பிள்ளை. மலையக மக்கள் அவரை அன்போடு சி.வி. என்றே அழைத்தனர்.

கண்டிச்சீமைக்குச் சென்றவர்கள்

சி.வி.யின் வாழ்வை அறிய அவர் மக்களின் வரலாற்றை முதலில் அறிதல் வேண்டும். 1820களில் ஆங்கிலேயர் இலங்கையின் கண்டிப் பகுதியில் காப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். அத்தோட்டங்களுக்குத் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஏழை உழவர் அழைத்துச் செல்லப்பட்டனர். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. தோணியில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டுவழியே கால்நடையாக மாத்தளை வரை நடந்தனர். காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர்.

1869 முதல் இலைநோய் தாக்கிக் காப்பி அழிந்தபின், அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. காப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும். எனவே வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கினர். ஒற்றைச் சுவரை இருபுறமும் பகிர்ந்துகொள்ளும் அறைவரிசையாகிய லயங்களே அவர்கள் வீடாயின. ஆள்பிடித்து வந்த கங்காணியே கடன் கொடுப்பவராகவும் கூலியைப் பெற்றுத் தருபவராகவும் விளங்கினார். கடன்தொகை குறித்த துண்டுச்சீட்டு இருக்கும்வரை தொழிலாளி வேறு தோட்டம் செல்ல இயலாது. இத்துண்டுமுறை 1921ஆம் ஆண்டில்தான் ஒழிக்கப்பட்டது.

பிறப்பும் கல்வியும்

நுவரெலியா மாவட்டத்தில் மடக்கொம்பரைத் தேயிலைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள் வேலுப்பிள்ளை பிறந்தார். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி என்பது பெரும்பாலும் சில வகுப்புகளோடு முடிந்துவிடும் காலம் அது. அவர் குடும்பமோ ஆங்கிலக் கல்வி தரும் வசதி பெற்றிருந்தது. ஹட்டனிலும் பின்னர்க் கொழும்பு நாலந்தா வித்தியாலயத்திலும் அவர் பயின்றார். லயத்துப் பிள்ளைகள் கொழுந்துக் கூடையோடு மலையேறிய வயதில், அவர் ஆங்கிலக் கவிதைகளோடு பழகினார்.

இவ்வேறுபாட்டைச் சுட்டாமல் சி.வி.யின் வாழ்வை எழுதுவது முறையாகாது. தாம் எழுதிய துன்பம் முழுவதையும் அவர் தம் உடலால் அனுபவித்தவர் அல்லர். ஆனால் அதன் ஒலியிலும் மணத்திலும் வளர்ந்தவர். விடியுமுன் தொழிலாளரை எழுப்பும் தப்பின் ஓசை, பெயர் பதியும் பிரட்டுக்களம், மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் எழும் வசைச்சொற்கள், மாசித் திங்களில் நடைபெறும் காமன் கூத்து ஆகியன அவர் குழந்தைப்பருவத்தை நிறைத்திருந்தன. ஆங்கிலக் கல்வி பெற்ற பலர் தோட்டத்தை மறக்க அக்கல்வியைப் பயன்படுத்தினர். சி.வி. அதனைத் தோட்டத்தை நினைக்கப் பயன்படுத்தினார்.

வங்கக் கவிஞர் தாகூரின் எழுத்துகள் அவரை இளமையிலேயே ஈர்த்தன. 1934ஆம் ஆண்டு தாகூர் தம் கலைக்குழுவினரோடு இலங்கைக்கு வந்து நாட்டிய நாடகம் நிகழ்த்தியமை, அந்நாட்டு இளைஞர் பலர்க்கும் கலையார்வத்தை ஊட்டியது. சி.வி.யின் தொடக்ககாலப் படைப்புகளில் தாகூரின் சாயலைக் காணலாம். கனவும் இயற்கையும் நிறைந்த அந்நடையிலிருந்து மலையகத்தின் மண்ணுக்கு அவரை இறக்கிக் கொணர்ந்தது அரசியல்.

தொழிற்சங்கமும் நாடாளுமன்றமும்

தோட்டத் தொழிலாளரிடையே உரிமையுணர்வை முதலில் விதைத்தவர், தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர். அவரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மாளும் தொழிலாளர் துயரைப் பாட்டாகக் கட்டிச் சிறு நூல்களாக அச்சிட்டுத் தோட்டம் தோட்டமாகப் பாடினர். கூட்டம் நடத்த இடந்தராத துரைமாரின் வேலிகளைப் பாட்டு எளிதாகத் தாண்டியது. கலையும் தொழிற்சங்கமும் இணைந்த இம்மரபின் தொடர்ச்சியே சி.வி. எனலாம்.

1939ஆம் ஆண்டு நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியர் காங்கிரசு உருவாயிற்று. மறு ஆண்டின் தொடக்கத்தில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலர் துப்பாக்கிக்கு இரையானார். தோட்டங்களில் சங்கம் அமைப்பது உயிரைப் பணயம் வைக்கும் செயலாக இருந்த அக்காலத்தில் சி.வி. காங்கிரசின் பணிகளில் ஈடுபட்டார். 1947ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியில் தோட்டத் தொழிலாளர் வாக்குகளால் வெற்றி பெற்றார். சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்து அதே தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்டார். லயத்து அறையிலிருந்து நாட்டின் சட்டமன்றத்துக்கு ஒரு வழி திறந்துவிட்டது என்றே மக்கள் நம்பினர்.

அவ்வழி ஓராண்டுக்குள் அடைபட்டது. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தந்தை அங்குப் பிறந்ததையோ, பாட்டனும் பூட்டனும் அங்குப் பிறந்ததையோ மெய்ப்பிக்க வேண்டும் என்றது அச்சட்டம். காட்டுவழி நடந்து வந்தவரின் பேரப்பிள்ளைகளிடம் பிறப்புச் சான்று எங்கிருக்கும்? அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. தாய் இறந்த செய்தி கேட்டு ஊருக்குச் சென்று திரும்பிய பயணமும் அவ்விடைவிடாமையில் ஒரு குறையாகக் கொள்ளப்படும் நிலை இருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே ஏற்கப்பட்டனர். 1949ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தம், குடியுரிமை இல்லாதார் பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது.

தம்மைத் தேர்ந்தெடுத்த மக்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீங்குவதைச் சி.வி. அவையில் அமர்ந்தபடியே காண நேர்ந்தது. உறுப்பினர் இருந்தார், அவரை அனுப்பிய வாக்காளர் சட்டத்தின் கண்ணில் இல்லாமற் போயினர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளர் தம் சார்பாளர் ஒருவரையும் அனுப்ப இயலவில்லை. அவ்வாண்டு காங்கிரசு கொழும்பில் பல மாதங்கள் நடத்திய சத்தியாகிரகத்தில் சி.வி.யும் பங்கேற்றார். அரசு இணங்கவில்லை.

தேயிலைத் தோட்டத்திலே

வாக்குரிமை பறிபோன அவ்வாண்டுகளில்தான் அவரது புகழ்பெற்ற நெடுங்கவிதை உருவாயிற்று. இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலே என்னும் பொருள்படும் பெயரில் அதனை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். கவிஞர் சக்தீ பாலையா பின்னர் அதனைத் தமிழாக்கினார்.

ஆங்கிலத்தில் ஏன் எழுதினார் என்பது எண்ணத்தக்கது. யாரைப் பற்றிய கவிதையோ அவர்களால் அதனைப் படிக்க இயலாது. ஆயினும் அவர்களைப் பற்றிய சட்டங்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. தேயிலையின் விலை ஆங்கிலத்திலேயே கூறப்பட்டது. தேநீர் அருந்துவோர் பலரும் ஆங்கிலமே பேசினர். அவர்கள் கேட்கும் மொழியில், அவர்கள் கேட்க விரும்பாத செய்தியைச் சொல்லச் சி.வி. துணிந்தார் எனக் கொள்வதே பொருந்தும்.

விடியற்காலைத் தப்பின் ஓசையும், பனியில் நனைந்து மலையேறும் பெண்களும், கூடை நிறைந்தும் வயிறு நிறையாத நாளும் அக்கவிதையில் காட்சிகளாக விரிகின்றன. அதன் உயிர்நாடி வேறு. காடழித்துத் தோட்டம் அமைத்து மாண்டவர்களுக்கு நடுகல் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. அவர்கள் உடல் எருவாகிய மண்ணில் தேயிலைச் செடி தளிர்த்து நிற்கிறது. இறந்தோரைப் புதைத்த மண்ணைவிட உறுதியான பிறப்புச் சான்று வேறு எது என்னும் வினா, வெளிப்படக் கூறப்படாமலேயே கவிதை முழுவதும் ஒலிக்கிறது. குடியுரிமை அலுவலகம் தாள்களைக் கேட்டது. கவிஞர் கல்லறைகளைக் காட்டினார்.

தோட்டத்து மனிதர்களின் தொழிலையும் குணத்தையும் வழக்காறுகளையும் தீட்டிய உரைச்சித்திரங்களையும் அவர் ஆங்கிலத்தில் எழுதினார். உழைக்கப் பிறந்தவர்கள் எனப் பொருள்படும் பெயரில் அவை 1970ஆம் ஆண்டு நூலாயின. கண்காணிப்பவரும் கண்காணிக்கப்படுவோரும் அந்நூலில் ஒரே கண்ணால் நோக்கப்படுகின்றனர். துரையை அரக்கனாகவும் தொழிலாளியைத் தெய்வமாகவும் வரைவது அவர் இயல்பன்று. அதனாலேயே, முழக்கங்கள் மங்கிய பின்பும் அவர் வரைந்த மனிதர்கள் மங்கவில்லை.

தமிழில் அவர் எழுதிய புதினங்களுள் வீடற்றவன் குறிப்பிடத்தக்கது. தோட்டத்தில் சங்கம் அமைக்க முனைந்த தொழிலாளி ஒருவன், நிருவாகத்தின் பகைக்கு ஆளாகி வேலையையும் இருப்பிடத்தையும் இழப்பதை அது கூறுகிறது. தோட்டத் தொழிலாளிக்கு வேலை போனால் லயத்து அறையும் போய்விடும். நாட்டில் இடமில்லாதவனுக்கு வீட்டிலும் இடமில்லை என்பதைத் தலைப்பே உணர்த்திவிடுகிறது. எல்லைப்புறம், இனிப் படமாட்டேன் ஆகியனவும் அவருடைய கதைநூல்களே.

பாடல்களைத் தேடி

சி.வி.யின் பணிகளுள் மிக நெடிய பயன் விளைத்தது எது என்று கேட்பின், அவர் எழுதியவற்றை அன்று, அவர் கேட்டு எழுதிக்கொண்டவற்றையே சுட்ட வேண்டும். தொழிற்சங்கப் பணிக்காகத் தோட்டம் தோட்டமாகச் சென்ற அவர், அங்கு வழங்கிய நாட்டார் பாடல்களைத் திரட்டினார். அத்தொகுப்பு மலைநாட்டு மக்கள் பாடல்கள் என்னும் பெயரில் 1983ஆம் ஆண்டு சென்னையில் நூலாக வெளிவந்தது.

தாலாட்டும் ஒப்பாரியும் தமிழகத்திலும் உள்ளனவே என எண்ணலாம். மெட்டும் உவமையும் தமிழகத்தினவே. ஆனால் பொருள் மாறிவிட்டது. தொட்டிலில் உறங்கும் குழந்தைக்குப் பாட்டன் நடந்த காட்டுவழி சொல்லப்படுகிறது. ஊரில் விட்டுவந்த தாயை நினைக்கும் மகளின் குரல், கொழுந்து கிள்ளும் பாட்டில் ஊடாடுகிறது. ஆசைகாட்டி அழைத்து வந்த கங்காணி எள்ளலுக்கு ஆளாகிறான். எதிர்த்துப் பேச இயலாத கணக்கப்பிள்ளையைப் பாட்டில் நையாண்டி செய்ய இயன்றது. மலைச்சரிவில் கூட்டமாக எழும் பாட்டை யார் பாடியது என்று எவராலும் சுட்ட இயலாதன்றோ!

எழுத்தறியா மக்களுக்கு இப்பாடல்களே குடும்ப ஏடுகளாயின. எந்த ஊரிலிருந்து வந்தோம், எவ்வழி வந்தோம், யாரை இழந்தோம் என்பவை அவற்றில் பதிந்திருந்தன. பாடிய மூதாட்டியர் ஒருவர் பின் ஒருவராக மறைந்துகொண்டிருந்தனர். எஞ்சியோரில் பலர் கப்பலேறிக்கொண்டிருந்தனர். சி.வி. விரைந்து செயற்பட்டதற்கு இதுவே காரணமாகலாம்.

பங்கிடப்பட்ட மக்கள்

1964ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30ஆம் நாள், இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பங்கிடப்பட்ட மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்கும் உரியவராயினர். மலைநாட்டு நிலையங்களில் ஏறுவோரும் வழியனுப்புவோரும் அழுத அழுகையால், தலைமன்னார் செல்லும் தொடர்வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்னும் பெயரே மலையக இலக்கியத்தில் நிலைத்தது. கோச்சி என்பது தொடர்வண்டியைக் குறிக்கும் இலங்கை வழக்கு.

தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேசுவரம் வந்து மண்டபம் முகாமில் தங்கியோர், கையில் குடும்ப அட்டையோடு தமிழகத்தின் பல பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டனர். சிலருக்கு நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. பலருக்குச் சிறுவணிகம் செய்யக் கடன் வழங்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளியவர்க்குக் கடை நடத்தும் திறம் எவ்வாறு வரும்? கடன் கரைந்தது. அவர்களுள் ஒரு பகுதியினரே பழனிமலைக் கூப்புகளுக்கு வந்தவர்கள். முன்பணம் பெற்றுக் காட்டுக்குள் குடிசையிட்டு மரம் வெட்டிய அவர்கட்கு, பாட்டன் காலத்துக் கங்காணிக் கடன் வேறொரு பெயரில் மீண்டும் வந்தது. இலங்கையில் இந்தியர் எனப்பட்டவர்கள் இங்குச் சிலோன்காரர் எனப்பட்டனர். சட்டப்படி குடிமக்கள் ஆனபின்னும் அவர்கள் அயலாராகவே நோக்கப்பட்டதை நாம் மறைத்தல் தகாது.

சி.வி. இலங்கையிலேயே இருந்தார். தொழிலாளர் தேசிய சங்கத்தில் பணியாற்றினார். மாவலி இதழின் ஆசிரியராக விளங்கி, இளம் மலையக எழுத்தாளர்க்கு ஊக்கமளித்தார். 1960களுக்குப் பின் அங்கு மலர்ந்த சிறுகதை, கவிதை மரபுக்கு அவரே மூத்தவராக மதிக்கப்பட்டார். இந்தியத் தமிழர் என்னும் அரசு வழக்குச் சொல்லை விலக்கி மலையகத் தமிழர் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் தலைமுறை அவர் கண்முன்னே உருவாயிற்று. இது வெறும் பெயர் மாற்றமன்று. முன்னைய பெயர் வந்த இடத்தைச் சொல்வது. பின்னைய பெயர் வாழும் இடத்தைச் சொல்வது.

1983ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இலங்கையெங்கும் நிகழ்ந்த வன்முறையில் மலையகத் தமிழரும் வீடும் உயிரும் இழந்தனர். அதற்கு அடுத்த ஆண்டு, 1984 நவம்பர்த் திங்கள் 19ஆம் நாள் சி.வி. மறைந்தார். போர்ச்சூழலால் தலைமன்னார்க் கப்பலும் ஏறத்தாழ அக்காலத்திலேயே நின்றுபோயிற்று. இந்தியக் குடியுரிமை பெற்றும் வர இயலாதவர்களாகப் பலர் அங்கேயே தங்கினர். அவர்களுக்கும் எஞ்சிய நாடற்றோர்க்கும் இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டில் நிறைவேறியது. முதற்சட்டத்துக்கும் இதற்கும் இடையே 55 ஆண்டுகள் கடந்திருந்தன.

சி.வி. மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1987இல், அவர் எழுதிய நாடற்றவர் கதை சென்னையில் அச்சேறியது. அப்போது நீலகிரியிலும் கொடைக்கானல் மலைகளிலும் அக்கதையின் மாந்தர் தம் பிள்ளைகளைத் தமிழகப் பள்ளிகளில் சேர்த்துக்கொண்டிருந்தனர்.